ஃபேன் ஹப்பை இணைப்பது எப்படி?

விளக்கு எரியும் ஃபேன்கள் ஆறு பொருத்திய கேபினட்டுகள் இப்பொழுது சாதாரணமாகிவிட்டன. ஆனால் பல மதர்போர்டுகளில் அத்தனை ஃபேன்களைச் செருக இடம் இருப்பதில்லை. அதற்காகத்தான் ஹப் என்ற சிறிய சர்க்யூட் போர்டு.

"ஒய் கேபிள் ஒன்று போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். இரண்டு ஃபேன் என்றால் போதும். மதர்போர்டின் ஒரு ஃபேன் ஹெட்டரில் பொதுவாக 1 ஆம்பியர் வரைதான் எடுக்கலாம். ஃபேன் ஒன்றுக்கு 0.2 ஆம்பியர் என வைத்துக் கொண்டால், ஆறுக்கு 1.2 ஆகிவிடும். ஹப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை பவர் சப்ளையின் சாட்டா கனெக்டரிலிருந்து எடுத்துக் கொள்கிறது. அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மதர்போர்டிலிருந்து வருவது வேகத்திற்கான சிக்னல் மட்டும்தான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஹப்பில் சாட்டா பவரைச் செருகுங்கள். ஹப்பின் சிக்னல் கேபிளை மதர்போர்டில் சேஸிஸ் ஃபேன் அல்லது சிஸ் ஃபேன் எனக் குறித்த 4 பின் ஹெட்டரில் இணையுங்கள். பிராசசர் ஃபேனை ஹப்பில் போடாதீர்கள். ஹப் பெரும்பாலும் முதல் போர்ட்டில் உள்ள ஃபேனின் வேகத்தை மட்டுமே மதர்போர்டுக்குச் சொல்லும். வேறு போர்ட்டில் உள்ள பிராசசர் ஃபேன் நின்று போனால் உங்களுக்குத் தெரியாது. முதல் போர்ட்டைக் காலியாகவும் விடாதீர்கள். பயாஸில் வேகம் பூஜ்யம் என்று காட்டும்.

அடுத்து விளக்குகள். நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். மதர்போர்டில் இரண்டு வகை ஹெட்டர்கள் இருக்கலாம். நான்கு பின்னும் இருந்தால் அது 12 வோல்ட் ஆர்ஜிபி. நடுவில் ஒரு பின் இல்லாமல் மூன்று மட்டும் இருந்தால் அது 5 வோல்ட் ஏஆர்ஜிபி. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் செருகினால் எல்இடி எரிந்து போகும். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் "கொஞ்சம் இறுக்கமாக இருந்தது" என்று அழுத்திச் செருகினார். ஓரிரு விநாடிகள் பளிச்சென்று எரிந்து அணைந்தது. மூன்று ஃபேன்களின் விளக்கும் போயிற்று. கனெக்டரில் உள்ள அம்புக்குறியையும் மதர்போர்டில் அச்சிட்ட 5வி என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஏஆர்ஜிபியிலும் கணக்கு உண்டு. முழு வெள்ளையில் எரியும் எல்இடி ஒன்று 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். ஃபேனுக்கு 12 எல்இடி என்றால் ஐந்து ஃபேன்களுக்கு 3.6 ஆம்பியர். பல மதர்போர்டுகள் ஒரு ஹெட்டரில் 3 ஆம்பியர்தான் தரும். ஆகவே விளக்குக்கும் சாட்டாவிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் மலிவு கேபிள்களைத் தவிருங்கள். அச்சில் வார்த்த கனெக்டர் கொண்டவை சூடாகித் தீப்பிடித்ததுண்டு.

கம்ப்யூட்டரை இயக்கியதும் பயாஸில் அந்த ஹெட்டரை டிசி மோடிலிருந்து பிடபிள்யூஎம் மோடுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஃபேன்கள் எப்பொழுதும் முழு வேகத்தில் இரையும். 3 பின் ஃபேன்கள் மட்டும் இதன் பிறகும் வேகம் குறையவில்லையா? பிடபிள்யூஎம் மட்டும் தெரிந்த ஹப்பில் அவை அப்படித்தான் சுற்றும். அவற்றை நேரடியாக மதர்போர்டில் செருகி, அந்த ஹெட்டரை டிசி மோடில் விடுங்கள்.