நிறைகுடம் தளும்பாது

கோடைக்காலத்தில் ஐதராபாத் நகரின் தெருக்களில் தண்ணீர் டேங்கர்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. சென்னை மக்கள் இவற்றைத் ‘தண்ணீர் லாரி’ என்பர். நகரின் குடிநீர் வாரியம் 5,000 லிட்டர், 10,000 லிட்டர் என்னும் அளவுகளில் டேங்கர் நீரை வழங்குகிறது. 2015-ஆம் ஆண்டு தெலங்கானாவில் ஹரித ஹாரம் என்னும் மரம் வளர்ப்புத் திட்டம் தொடங்கியபின், சாலையோரக் கன்றுகளுக்கும் டேங்கர்களே நீர் ஊற்றி வருகின்றன.

ஆயினும், லாரி நுழைய இயலாத இடங்கள் இந்நகரில் பல உள்ளன. ஐதராபாத் தக்காணப் பீடபூமியின் மேல் அமைந்த நகரம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான கருங்கற்பாறைகள் பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் போன்ற பகுதிகளில் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன. பாறையை உடைத்துக் கட்டடம் எழுப்பும் களங்களில் நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். இத்தகைய நிலத்தில் புழுதி அடங்க நீர் தெளிக்கவும், கன்றுகளுக்கு நீர் விடவும் சிறிய லோடர் வண்டியின் முன்புறத்தில் நீர்த்தொட்டியைப் பொருத்தலாம். அத்தொட்டியை எவ்வாறு அமைத்தால் வண்டி கவிழாது? இக்கேள்விக்கான விடையில் ஓட்டுநரின் உயிர் அடங்கியுள்ளது.

சிறு லோடரின் பிறப்பு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கெல்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் பட்டறை ஒன்றை நடத்தி வந்தனர். வான்கோழி வளர்க்கும் உழவர் ஒருவர், தம் கொட்டகையின் தூண்களுக்கிடையே புகுந்து கழிவை அள்ளும் சிறிய வண்டி வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார். அவருக்காக 1957-ஆம் ஆண்டு அவர்கள் செய்து கொடுத்த மூன்று சக்கர வண்டியே இன்றைய சிறு லோடரின் முன்னோடி. பின்னர் அது நான்கு சக்கரம் பெற்றது. 1962-இல் ‘பாப்கேட்’ என்னும் பெயரும் பெற்றது. இன்று எந்த நிறுவனத்தின் வண்டியாயினும், கட்டுமானத் தொழிலாளர் பலர் அதனைப் பாப்கேட் என்றே அழைக்கின்றனர்.

இவ்வண்டியின் பின்புறத்தில் கனமான எஞ்சின் உள்ளது. முன்புறத்தில் இரண்டு இரும்புக் கைகள் சுமையைத் தூக்குகின்றன. பூங்காவிலுள்ள சீசா பலகையை இதற்கு ஒப்பிடலாம். முன்சக்கரமே பலகையின் நடுத்தாங்கி. ஒருபக்கம் சுமை, மறுபக்கம் எஞ்சின். சுமையின் பக்கம் மிகுந்தால் வண்டியின் பின்புறம் மேலெழும்.

இடம் மாறும் சுமை

ஒரு வாளி கல்லைத் தூக்கினால் கல் வைத்த இடத்திலேயே கிடக்கும். நீர் அவ்வாறு கிடப்பதில்லை. பாதி நிரம்பிய தொட்டியுடன் செல்லும் வண்டியின் இடச்சக்கரம் ஒரு பாறைமீது ஏறுவதாகக் கொள்வோம். வண்டி வலப்புறம் சாய்கிறது. உடனே தொட்டியின் நீரும் வலப்புறம் பாய்கிறது. அதனால் வண்டியின் எடைமையம் வலப்புறம் நகர்கிறது. சாய்வு மேலும் மிகுகிறது. சாய்வு நீரைத் தள்ள, நீர் சாய்வைக் கூட்ட, வண்டி கவிழும் நிலையை எட்டிவிடக்கூடும்.

விண்வெளியிலும் இச்சிக்கல் உண்டு. 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏவப்பட்ட ஃபால்கன் 1 ஏவூர்தியின் இரண்டாம் அடுக்கில் திரவ ஆக்சிஜன் தளும்பியது. அந்தத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்தப்படவில்லை. ஏவூர்தி கட்டுப்பாட்டை இழந்து, சுற்றுப்பாதையை அடையாமல் வீழ்ந்தது.

வடிவமைப்பின் நான்கு விதிகள்

முதல் விதி, தாங்கும் அளவை அறிதல். எவ்வளவு எடையை ஏற்றினால் சமதரையில் வண்டியின் பின்புறம் மேலெழுமோ, அதனைக் கவிழ்சுமை என்பர். சக்கர வண்டியாயின் அதில் பாதியளவே ஏற்றத்தக்கது என்பது பன்னாட்டு வழக்கம். கவிழ்சுமை 1,400 கிலோ எனின், ஏற்றத்தக்கது 700 கிலோ. தொட்டி, சட்டகம், பம்பு ஆகியவற்றின் எடை 200 கிலோ எனின், எஞ்சுவது 500 கிலோ. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 500 லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி இவ்வண்டிக்கு ஆகாது. கரடுமுரடான நிலத்திற்கு இதனினும் சிறிய தொட்டியே தகும்.

இரண்டாம் விதி, தாழ்வாகவும் நெருக்கமாகவும் அமைத்தல். தொட்டி தரைக்கு அருகில் இருந்தால் எடைமையம் தாழ்ந்து நிற்கும். வண்டியை ஒட்டி இருந்தால் சீசா பலகையின் சுமைப்பக்கம் குறுகும். ஆதலால் உயரமான தொட்டியைவிடத் தட்டையான தொட்டி மேலானது. ஆனால் தட்டையான தொட்டியில் நீர்ப்பரப்பு அகன்று விடுகிறது. நீர் பக்கவாட்டில் நெடுந்தொலைவு ஓடுகிறது. இக்குறையைத் தீர்ப்பதே அடுத்த விதி.

மூன்றாம் விதி, நீரைப் பிரித்தல். நாட்டுப்புறத்தில் பால் கொண்டு செல்வோர் பாத்திரத்தில் சிறிது வைக்கோலை இடுவதுண்டு. வைக்கோல் பாலின் அலையை உடைத்து, சிந்தாமல் காக்கும். தொட்டிக்குள் பொருத்தப்படும் துளையிட்ட தடுப்புத் தகடும் இதனையே செய்கிறது. முன்பின் ஓட்டத்தைக் குறுக்குத் தகடும், பக்கவாட்டு ஓட்டத்தை நெடுக்குத் தகடும் தணிக்கின்றன. துளையில்லாத நெடுஞ்சுவரால் தொட்டியை இரு சம அறைகளாகப் பிரித்தால், சாய்வின்போது நீர் நகர்வதால் விளையும் தீங்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். கப்பல் கட்டுவோர் நன்கறிந்த கணக்கு இது.

நான்காம் விதி, உறுதியாகப் பிணைத்தல். கயிறும் பட்டையும் மட்டும் போதா. தொட்டி இரும்புச் சட்டகத்தில் அமர வேண்டும். சட்டகம் வண்டியின் இணைப்புத் தகட்டில் பூட்டு ஆணிகளால் இறுக வேண்டும். தொட்டியின் மேற்புறத்தில் காற்றுத்துளையும் தேவை. அஃது இல்லையெனில், பம்பு நீரை உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி நசுங்கக்கூடும்.

ஓட்டுநரின் கடமை

நல்ல தொட்டியும் தவறாக ஓட்டினால் காக்காது. கைகளைத் தாழ்த்தியே வண்டியைச் செலுத்த வேண்டும். சரிவில் குறுக்காகச் செல்லாமல், நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். வண்டியின் கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியிருக்க வேண்டும். தொட்டி நிரம்பியபோது முன்புறமும், வெறுமையானபோது எஞ்சின் உள்ள பின்புறமும் கனமானவை. இருக்கை வார்ப்பட்டையை எந்நிலையிலும் கழற்றலாகாது.

‘நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்’ என்பது பழமொழி. கற்றோரின் அடக்கத்தைச் சுட்டும் இம்மொழி, நீர்த்தொட்டிக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. பெரிய தொட்டியைப் பாதி நிரப்புவதைவிடச் சிறிய தொட்டியை முழுதும் நிரப்புவது நன்று. ஆயினும், நீரைத் தெளிக்கத் தெளிக்க நிறைகுடமும் குறைகுடமாகும். அந்த நேரத்தில் ஓட்டுநரைக் காப்பதற்காகவே தடுப்புத் தகடுகள் உள்ளே நிற்கின்றன.

அருஞ்சொற்பொருள்

தளும்புதல் – நீர் அலைந்து ததும்புதல்
எடைமையம் – பொருளின் எடை முழுதும் திரண்டிருப்பதாகக் கொள்ளும் புள்ளி
சட்டகம் – தாங்கி நிற்கும் இரும்புக் கட்டமைப்பு
சரிவு – சாய்வான நிலம்

பயிற்சி

1. கல்லும் நீரும் சுமை என்னும் நிலையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தட்டையான தொட்டியின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
3. ஒரு லோடரின் கவிழ்சுமை 1,000 கிலோ. தொட்டி, சட்டகம், பம்பு ஆகியவற்றின் எடை 150 கிலோ. அதிக அளவாக எத்தனை லிட்டர் நீரை ஏற்றலாம்?
4. பிரித்து எழுதுக: நீர்ப்பரப்பு, நிறைகுடம், கருங்கல்.
5. செய்து பார்க்க: அகன்ற தட்டு ஒன்றிலும், ஐஸ்கட்டி உறையவைக்கும் அறைகள் கொண்ட தட்டிலும் பாதியளவு நீர் ஊற்றி, இரண்டையும் மெல்லச் சாய்க்க. கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.