கிராம விசாரணையும் கடன் நிவாரணமும்

ஒருவர் நோயுற்றால், நோய் இன்னதென்றும் அது எதனால் வந்ததென்றும் அறிந்த பின்னரே மருந்து கொடுப்பது வைத்திய முறை. ஒரு கிராமத்திற்கே வந்த நோய்க்கும் அதுவே முறை. ஆயினும் கடன், வறுமை முதலிய பொது விஷயங்களில் விசாரியாமலே மருந்து கொடுக்கும் வழக்கமும், விசாரித்து எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டினாலும் விளையும் நஷ்டத்தைச் சென்னை ராஜதானியின் கடன் சரித்திரம் நன்கு விளக்குகிறது. விசாரணை எவ்வாறு செய்கைக்கு வழிகாட்டுகிறது என்பதும், செய்கைக்குப் பின் மறுபடியும் ஏன் விசாரிக்க வேண்டும் என்பதுமே இப்பாடத்தின் பொருள்.

1. சங்கம் பிறந்த விதம்

ஐக்கிய நாணய சங்கமே ஒரு விசாரணையின் குழந்தை. 1892-ல் சென்னை சர்க்கார் பிரெடரிக் நிக்கல்ஸன் என்ற உத்தியோகஸ்தரை, ஐரோப்பாவில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களை ஆராய்ந்து வரும்படி நியமித்தனர். அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ராஜதானியின் கிராமக் கடன் ஏறக்குறைய 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் ஏற்படுத்திய சிறு கிராமச் சங்கங்களே இத்தேசத்திற்கு ஏற்றவை என்பது அவர் கண்ட முடிவு. ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்று, தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்துவது அச்சங்கங்களின் முறை. 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் ராஜதானியின் முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது.

2. நிவாரணச் சட்டம்

சங்கங்கள் பெருகியும் கடன் குறையவில்லை. 1930-ல் மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டியார் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டனர். அதன்பின் தானிய விலை வீழ்ந்தது. கடன் பட்ட காலத்தில் பத்து மூட்டை நெல்லுக்குச் சமமாயிருந்த தொகையைத் தீர்க்க, அதனினும் பல மூட்டைகள் விற்க வேண்டியதாயிற்று. 1935-ல் ஸத்தியநாதன் என்ற விசேஷ உத்தியோகஸ்தர் தம் அறிக்கையில் 200 கோடி என்று கணக்கிட்டார்.

சி. ராஜகோபாலாச்சாரியார் தலைமையிலிருந்த மந்திரி சபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி தள்ளப்பட்டது. அசலுக்கு இரட்டிப்பான தொகை ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பல குடும்பங்களின் நிலம் ஏலத்திற்குப் போகாமல் காத்த சட்டம் இது. ஆனால் சட்டம் யாரை 'விவசாயி' என்று கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முக்கியமாக நிலத்தில் விற்கத்தக்க உரிமையுடையவரும், நிலத்தைச் சட்டப்படி குத்தகை முதலிய பாத்தியத்தில் அனுபவிப்பவருமே அச்சொல்லில் அடங்கினர். நடவு நட்டும் அறுவடை செய்தும் வாழ்ந்த நிலமற்ற கூலியாள் அதில் அடங்கவில்லை.

3. மறு விசாரணை காட்டிய உண்மை

சட்டம் செய்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணாதவர்களும் இருந்தனர். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் பி. வி. நாராயணசாமி நாயுடு, பி. வைத்தியநாதன் என்பவருடன் சேர்ந்து இச்சட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூலை 1939-லேயே வெளியிட்டார். பின்னர் 1945-ல், யுத்த காலத்தில் கிராமக் கடனின் நிலை என்னவாயிற்று என்று ராஜதானி முழுவதிலும் விசாரிக்கும் பொறுப்பைச் சர்க்கார் அவரிடமே ஒப்படைத்தனர்.

1939-ல் ஏறக்குறைய 272 கோடியாயிருந்த மொத்தக் கடன் 1945-ல் 218 கோடியாகக் குறைந்திருந்தது; அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதோடு நிறுத்தியிருந்தால், கடன் நோய் தணிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் பெரிய நிலச்சுவான்தார், நடுத்தர நிலமுடையோர், சிறு நிலமுடையோர், குத்தகைதாரர், கூலியாட்கள் என்று வகுப்பு வகுப்பாகக் கணக்குப் பிரிக்கப்பட்டது. அப்போது, கடன் மிகவும் குறைந்தது பெரிய நிலச்சுவான்தாரிடத்தில் என்றும், கீழே வரவர அக்குறைவு சுருங்கிக் குத்தகைதாரரிடம் அற்பமாயிற்று என்றும், கூலியாட்களின் கடன் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது என்றும் தெரியவந்தது. காரணம் மறைவானதன்று. நெல்லை விற்கிறவனுக்கு விலையேற்றம் லாபம். நெல்லை வாங்கி உண்கிறவனுக்கு அதே விலையேற்றம் கடன்.

4. சராசரி மறைக்கும் விதம்

ஓர் உதாரணக் கணக்கினால் இது தெளிவாகும். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு குடும்பங்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாயும், எட்டுக் குடும்பங்களுக்குத் தலைக்கு 20 ரூபாயும் கடன். மொத்தம் 2,160, சராசரி 216. சில ஆண்டுகளில் முன்னவர் கடன் 400 ஆகக் குறைகிறது. பின்னவர் கடன் 30 ஆக ஏறுகிறது. இப்போது மொத்தம் 1,040, சராசரி 104. சராசரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பத்தில் எட்டு வீடுகளில் கடன் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. சராசரியை மட்டும் நம்பிச் செய்யும் உதவி, உதவி வேண்டிய எட்டு வீடுகளையும் கடந்து போய்விடும்.

5. சங்கங்களைப் பற்றிய கண்டிப்பான தீர்ப்பு

1951-52-ல் ரிசர்வ் பாங்கியின் ஆதரவில் அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு நடந்தது. 75 ஜில்லாக்களில் 600 கிராமங்களைச் சேர்ந்த 1,27,343 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்கு மூன்று பங்குதான் ஐக்கிய சங்கங்களிலிருந்து வந்தது. ஏறக்குறைய எழுபது பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்து வந்தது. அரை நூற்றாண்டு நடந்த இயக்கத்திற்கு இது கசப்பான செய்தி. ஆயினும் கோர்வாலா தலைமையிலிருந்த கமிட்டியார் 1954-ல் வெளியான தம் அறிக்கையில், சங்கங்களை மூடிவிடச் சொல்லவில்லை. இதுவரை தோற்றது, இனி வெற்றி பெற்றே தீர வேண்டும் என்பதே அவர்கள் கருத்தின் சாரம். சர்க்கார் சங்கங்களில் பங்கு முதல் போட வேண்டும், நிலத்தின் மதிப்பைவிடப் பயிரைக் கருதிக் கடன் கொடுக்க வேண்டும், கடனையும் விளைபொருள் விற்பனையையும் இணைக்க வேண்டும், கிடங்குகள் கட்ட வேண்டும் என்று வழி கூறினர். 1955-ல் இம்பீரியல் பாங்கி ஸ்டேட் பாங்கியாக மாறியதும் அவ்வறிக்கையின் பயனே. குறையை மறைக்காத விசாரணையே மேல் நடவடிக்கைக்கு உதவும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

6. ஒரே கிராமம், ஐந்து முறை

ஒரு முறை எடுத்த கணக்கு ஒரு நாளைய நிழற்படம் போன்றது, மாறுதலைக் காட்டாது. அக்காலத் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததும், இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளதுமான இருவேல்பட்டு இவ்விஷயத்தில் புகழ்பெற்ற கிராமம். சென்னை சர்வகலாசாலைப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய கிராம ஆய்வுகளில் அதுவும் ஒன்று. 1930-களிலும் 1961-லும் 1981-லும் 2008-லும் வெவ்வேறு ஆராய்ச்சியாளர் அங்கேயே திரும்பிச் சென்று விசாரித்தனர். நிலம் யார் கையில் இருந்தது, கூலியாட்கள் எவ்விதம் கட்டுப்பட்டிருந்தனர், பின் எவ்விதம் வெளிவேலைகளுக்குச் சென்றனர் என்பவை தொடர்ச்சியாகத் தெரிவது, ஒரே ஊரை மீண்டும் மீண்டும் பார்த்ததனால்தான்.

7. கீரப்பாளையத்தில் செய்யத்தக்கது

சிதம்பரத்திலிருந்து புவனகிரி செல்லும் சாலையிலுள்ள கீரப்பாளையம் நெல் விளையும் ஊர். நடவுக்கு முன் கையில் பணமின்மையும், அறுவடைக்குப் பின் கடன்காரர் வாசலில் நிற்பதும் இத்தகைய ஊர்களுக்குப் புதியவை அல்ல. இங்குள்ள சங்க அங்கத்தினர்கள் பெரிய சர்க்கார் விசாரணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட முறையில் விசாரிக்கலாம்.

முதலாவது, அங்கத்தினர் வீடுகளோடு நிற்காமல், சங்கத்தில் சேராத வீடுகளுக்கும் செல்ல வேண்டும். சங்கத்தின் குறை அவ்வீடுகளில்தான் தெரியும்.

இரண்டாவது, தொகையை மட்டும் கேட்டால் போதாது. எந்த மாதத்தில், யாரிடம், எதற்காக, என்ன வட்டிக்கு, எந்த ஈட்டின் பேரில் வாங்கியது என்று கேட்க வேண்டும். வீட்டுச் செலவை அறிந்தவர் பெண்களாகையால் அவர்களையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒருவர் கடனை ஊரார் முன் வாசிக்கலாகாது. பெயரை நீக்கி, சொந்த நிலமுடையோர், குத்தகைதாரர், கூலியாட்கள் என்று பிரித்துத் தொகைகளை மட்டும் கூட்டத்தில் வைக்க வேண்டும். மானத்திற்கு அஞ்சுகிறவர் உண்மை சொல்லமாட்டார்.

நான்காவது, கண்ட காரணத்திற்கேற்ப உதவியை அமைக்க வேண்டும். நடவுக் கூலிக்காகக் கடன் வாங்கியிருந்தால், பயிர்க்கடன் நடவுக்கு முன் கைக்கு வர ஏற்பாடு வேண்டும். வேலையற்ற மாதங்களில் அரிசிக்காக வாங்கியிருந்தால், பயிர்க்கடன் அதற்கு மருந்தாகாது. சிறு சேமிப்பும் சிறு கடனுமே தேவை.

ஐந்தாவது, ஓராண்டு கழித்து அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கடன் குறைந்ததா என்பதோடு, யாருக்குக் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. சங்கக் கடன் ஊரில் எந்த வகுப்பாருக்கு அதிகம் சென்றிருக்கிறது? எந்த வகுப்பாரை எட்டவில்லை?
2. சங்கக் கடன் கைக்கு வரும் மாதமும், பணம் தேவைப்படும் மாதமும் ஒன்றாக இருக்கின்றனவா?
3. சென்ற ஆண்டு செய்த தீர்மானங்களில், கணக்கைப் பார்த்துச் செய்தவை எத்தனை? ஊகித்துச் செய்தவை எத்தனை?

மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை கூறும் சங்கம் நல்ல விசாரணையைத் தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம்.