உள்பொருளின் இலக்கணம்

'உள்ளது' என்று நாம் கூறுவது எதனை? கண்ணுக்குப் புலனாவதை மட்டுமே எனின், உயிரும் காலமும் இல்லாதனவாகிவிடும். ஆதலால் எந்நாட்டுத் தத்துவ அறிஞரும் உள்பொருளுக்கு முதற்கண் இலக்கணம் வகுக்க முற்பட்டனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பத்து வகை கண்டார். வைசேடிகர் திரவியம், குணம், கருமம், சாமானியம், விசேடம், சமவாயம் என ஆறு பதார்த்தம் கூறினர். பிற்காலத்தார் அபாவத்தையும் சேர்த்து ஏழாக்கினர்.

நம் ஆகமம் கூறும் திரவியங்களும் ஆறு. அவை சீவன், புற்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம் என்பன. இங்குத் தர்மமும் அதர்மமும் அறத்தையும் மறத்தையும் குறிப்பன அல்ல. மீன் நீந்துதற்கு நீர்போல இயக்கத்திற்குத் துணையாவது தர்மம். வழிப்போக்கன் தங்குதற்கு மரநிழல்போல நிலைத்தலுக்குத் துணையாவது அதர்மம்.

இவ்வாறுக்கும் பொதுவான இலக்கணம் யாது? தத்வார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் அதனைத் தெளிவுபடுத்துகிறார். தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே உள்பொருள் என்பது அவர் கருத்து.

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தார் நன்கறிந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலைக் கொண்டே இதனை விளக்கலாம். களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, பொம்மை உருப்பெறும். சுடாத பொம்மையை மீண்டும் கரைத்துக் குழம்பாக்கலாம். சூளையில் சுட்டபின் அது இயலாது. மண்ணின் அமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெப்பத்தால் நீங்கிவிடுகிறது. களிமண் என்னும் நிலை கெட்டது. சுட்ட பொம்மை என்னும் நிலை தோன்றியது. கெட்டதும் தோன்றியதும் இருவேறு நிகழ்ச்சிகள் அல்ல. ஒன்றன் கேடே மற்றொன்றன் தோற்றம். எனினும் புற்கலம் அழியவில்லை. பொம்மை உடைந்து துகளானாலும் நிறம், சுவை, நாற்றம், ஊறு என்னும் புற்கலக் குணங்கள் அதனை விட்டு நீங்கா. இவ்வாறு நீங்காதிருப்பது குணம், மாறிவருவது பரியாயம்.

நிலைத்திருப்பது மாறுவது எங்ஙனம் என்று சிலர் வினவுவர். திரவிய நோக்கில் நிலைபேறும், பரியாய நோக்கில் மாற்றமும் கூறப்படுவதால் இதில் முரண் இல்லை.

இது வெறும் சொற்போர் அன்று. பொருள் கணந்தோறும் முற்றும் அழியுமாயின், வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் ஆவான். உயிர் சிறிதும் மாறாதெனின், கட்டுற்ற உயிர் வீடுபெறுதல் இயலாது. இருவழியும் நோன்பு பயனற்றதாகும். இதனாலன்றோ நீலகேசி ஆசிரியர் புத்த வாதம், சாங்கிய வாதம், வைசேடிக வாதம் எனத் தனித்தனியே சருக்கம் அமைத்தார்! சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார்.

அந்நூலின் தலைவியே இவ்விலக்கணத்திற்குச் சான்று. முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த பேய், அவருடைய அறவுரை கேட்டுக் கொல்லாமையைப் பரப்புபவள் ஆயிற்று. கொடுமை கெட்டது, அறவுணர்வு தோன்றியது, உயிர் அதுவே. சித்த நிலைக்கும் இது பொருந்தும். சம்சார நிலை கெட்டு, சித்த நிலை தோன்ற, அறிவும் காட்சியும் உடைய உயிர் நிலைபெறுகிறது. சுட்ட பொம்மை மீண்டும் குழைமண் ஆகாதவாறு போல, வினை நீங்கிய உயிரும் மீண்டும் பிறவியிற் புகாது.

இல்லத்தில் ஒரு பாத்திரம் உடைந்தால், குழந்தைகளிடம் மூன்று வினாக்கள் கேட்போம். எது கெட்டது? எது தோன்றியது? எது நின்றது? பின்னர், சினம் எழுந்து தணிந்த ஒரு நாளில், அவ்வினாக்களையே நம் உயிரைக் குறித்து நாமும் கேட்டுக்கொள்வோம். சினம் நீங்கக்கூடிய பரியாயமே, உயிரின் குணம் அன்று என்னும் தெளிவு பிறந்தால், இப்பாடம் பயன் தந்ததாகும்.