நீரைக் கணக்கிடும் ஊர்

உரைநடை

பருவநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலைகள் நம் நினைவுக்கு வருகின்றன. உழவரோ அதனை மழையின் தடுமாற்றத்தில் காண்கிறார். பல நாள் பெய்யவேண்டிய மழை சில நாளில் கொட்டித் தீர்க்கிறது; பின்னர் நெடுநாள் வானம் வறண்டு கிடக்கிறது. ஓடிவிடும் நீரைத் தேக்குவதும் தேக்கிய நீரைப் பகிர்வதும் தனியொருவரால் ஆகும் செயல்கள் அல்ல. அவற்றிற்கு அரசின் திட்டமும் ஊரின் ஒற்றுமையும் தேவை.

மகாராட்டிர மாநிலத்தில், இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஹிவரே பஜார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த இவ்வூர் மழை குறைந்தது. 1980களில் இங்குக் கிணறுகள் வற்றின; மலைகள் மொட்டையாயின; பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர்.

1989இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். மாநில அரசின் வேலை உறுதித் திட்டமும் ஆதர்ஷ் கிராமத் திட்டமும் நிதி அளித்தன. மக்கள் தம் உழைப்பை அளித்தனர். மலைச்சரிவுகளின் குறுக்கே அகழிகள் வெட்டப்பட்டன. ஓடைகளில் தடுப்பணைகள் எழுந்தன. ஓடிய மழைநீர் நின்று நிலத்துள் இறங்கியது. கிணறுகளில் நீர் ஊறியது.

அதன்பின் கடினமான வினா ஒன்று எழுந்தது: ஊறிய நீர் யாருக்கு உரியது? ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கரும்பு பயிரிட்டால் ஒருவர் பெரும்பொருள் ஈட்டலாம். அயலாரின் கிணறோ வற்றிவிடும். ஆகவே, பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை, கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என ஊரார் முடிவு செய்தனர். ஆண்டுதோறும் மழையை அளந்து, கிராம சபையில் நீர் வரவுசெலவுக் கணக்கு இடுகின்றனர். முதலில் மக்களுக்கும் கால்நடைகளுக்கும் குடிநீர், எஞ்சியதே பயிருக்கு. மழை குறைந்த ஆண்டில் மிகுந்த நீர் வேண்டும் பயிர்களைத் தவிர்க்கின்றனர்.

ஊரைவிட்டுச் சென்ற குடும்பங்கள் பல திரும்பி வந்தன. 2020இல் பவாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அரசின் நிதியால் தடுப்பணை கட்டலாம்; அதன் நீரைக் காப்பது மக்கள் தாமே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடே ஆகும்.

சொற்பொருள்

அகழி – நீண்ட பள்ளம்
அயலார் – அண்டை வீட்டார், பக்கத்து நிலத்தார்
எஞ்சியது – மீந்தது
ஈட்டலாம் – சம்பாதிக்கலாம்

பயிற்சி

1. பருவநிலை மாற்றத்தை உழவர் எதில் காண்கிறார்?
2. ஹிவரே பஜாரில் கிணறுகள் மீண்டும் ஊறியது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: இவ்வூர், மழைநீர், தடுப்பணை.
4. 'என் நிலத்தடி நீர் எனக்கே உரியது' என்று ஒருவர் வாதிட்டால் கிராம சபை என்ன மறுமொழி கூறும்? ஐந்து தொடர்களில் எழுதுக.