வைட்சாப்பல் கொலைகளும் இரகசியச் சங்கக் கதைகளும்

சரித்திரத்தில் நிகழ்ந்த ஒரு கொடுஞ்செயலுக்குக் காரணம் புலப்படாதபோது, கதைகட்டுவோர் அவ்விடத்தை வெறுமையாய் விடுவதில்லை. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் பிற்பகுதியில், 1888ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரின் கீழ்ப்பாகமாகிய வைட்சாப்பலில் நடந்த கொலைகள் இதற்குத் தக்க சான்றாகும். கொலைஞன் இன்னான் என்று இன்றளவும் துணியப்படவில்லை. ஆயினும் அவனைப்பற்றி எழுந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் திரைப்படங்களும் எண்ணிலடங்கா. அவற்றுள்ளும் மறைவான ஒரு சங்கமே அக்கொலைகளைச் செய்வித்தது என்று கூறும் கதைகள் கடந்த ஐம்பதாண்டுகளாகப் பெரிதும் பரவியுள்ளன. அக்கதை எங்ஙனம் கட்டப்பட்டது, அதன் அஸ்திவாரம் எத்தகையது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சரித்திர நாவல் படிக்கும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி பயன்படக்கூடும்.

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாய்க் கூறுவோம். பொலீஸ் அதிகாரியாகிய மக்னாட்டன் 1894ஆம் ஆண்டு எழுதிவைத்த குறிப்பின்படி ஒரே கையால் மாண்டவர் ஐவர். ஆகஸ்டு 31ஆம் நாள் மேரி ஆன் நிக்கல்ஸ் என்பவளும், செப்டம்பர் 8ஆம் நாள் ஆனி சாப்மன் என்பவளும், செப்டம்பர் 30ஆம் நாள் ஒரே இரவில் ஒரு மணி நேர அளவில் எலிஸபெத் ஸ்டிரைட், காதரின் எட்டோஸ் என்னும் இருவரும், நவம்பர் 9ஆம் நாள் மேரி ஜேன் கெல்லி என்பவளும் கொல்லப்பட்டனர். அதன்பின் கொலைகள் ஓய்ந்தன. யாரும் தண்டிக்கப்படவில்லை.

அக்காலத்து வைட்சாப்பல் வறுமையின் இருப்பிடம். ஓரிரவு படுக்கைக்கு நாலு பென்னி வாங்கும் பொதுத் தங்கல் விடுதிகள் தெருத்தோறும் இருந்தன. காசில்லாதவரை நள்ளிரவாயினும் வெளியே அனுப்பிவிடுவர். 1881ஆம் ஆண்டிற்குப்பின் ருஷிய நாட்டில் துன்புறுத்தப்பட்ட யூதர்கள் திரள் திரளாய் வந்து அங்குக் குடியேறியிருந்தனர். கிறிஸ்தவத் தொண்டர் பலரும் அப்பகுதியை அறிவர்: வில்லியம் பூத் 1865ஆம் ஆண்டு தமது ஊழியத்தைத் தொடங்கியதும், பார்னெட் என்னும் குருவானவரும் அவர் மனைவியாரும் 1884ஆம் ஆண்டு டாயின்பி மாளிகையை நிறுவியதும் அவ்விடத்திலேயே.

அவ்வாண்டு ஜனவரியில் ‘ஸ்டார்’ என்னும் மாலைப் பத்திரிகை அரைப்பென்னி விலையில் வெளிவரத் தொடங்கியது. கொலைச் செய்திகள் பத்திரிகைகளுக்கு நல்ல வியாபாரமாயின. செப்டம்பர் மாத இறுதியில் ஒரு செய்தி நிலையத்திற்குச் சிவப்பு மையில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று வந்தது. அதில் கையொப்பமாக இடப்பட்டிருந்ததே ‘ஜாக் தி ரிப்பர்’ என்னும் பெயர். அக்கடிதம் ஒரு பத்திரிகைக்காரரின் கைவேலை என்றே பின்னர் பொலீஸ் அதிகாரிகள் சிலர் கருதினர். அஃது உண்மையாயின், உலகறிந்த அக்கொலைஞனின் பெயரே ஒரு கற்பனை. கதை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

தொடக்ககாலத்துக் கதைகளில் சங்கம் எதுவும் இல்லை. பெல்லாக் லவுண்டஸ் அம்மையார் 1913ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி லாட்ஜர்’ என்னும் நாவலில் கொலைஞன் தனியன். ஒரு வீட்டில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் அமைதியான மனிதன். அவன்மீது மெல்ல மெல்ல ஐயங்கொள்ளும் வீட்டுக்காரியின் மனப்போராட்டமே அந்நாவலின் உயிர். 1927ஆம் ஆண்டு ஹிட்ச்காக் அதனை ஊமைப்படமாக ஆக்கினார்.

இரகசியச் சங்கக் கதைக்கு முழு உருவம் தந்தவர் ஸ்டீவன் நைட் என்னும் பத்திரிகையாளர். அவர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், நாவலாக அன்று, சரித்திரமாகவே முன்வைக்கப்பட்டது. அதன் சாரம் வருமாறு: மகாராணியின் பேரனாகிய ஆல்பர்ட் விக்டர் இளவரசர் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை மறைவில் மணந்து ஒரு மகவும் பெற்றார். அதற்குச் சாட்சியாயிருந்த மேரி கெல்லியும் அவள் தோழியரும் அச்செய்தியைக் காட்டிப் பணம் பறிக்க முயன்றனர். ஆகவே அரச வைத்தியராகிய ஸர் வில்லியம் கல், பிரீமேசன் சங்கத்தாரின் துணையுடன், ஒரு வண்டியில் ஏறிச்சென்று அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்றார். பொலீஸ் தலைமை அதிகாரியாகிய ஸர் சார்லஸ் வாரன், தாமும் மேசன் ஆதலின், தடயங்களை அழித்தார்.

கதை மிக நயமுடையது; அரண்மனை, வைத்தியம், மறைமொழி, வண்டி யாவும் அதில் உண்டு. ஆனால் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகின்றது. ஸர் வில்லியம் கல் 1888ஆம் ஆண்டு எழுபதைக் கடந்தவர். அதற்கு முந்தின ஆண்டே பக்கவாதத்தால் தாக்குண்டவர். இளவரசரோ, எட்டோஸும் ஸ்டிரைடும் மாண்ட நாளில் ஸ்காட்லாந்தில் இருந்தார். கெல்லி மாண்ட நாளில் ஸாண்டிரிங்காமில் இருந்தார். இதைக் காட்டிலும் வலிய தடை ஒன்று சட்டத்தில் இருந்தது. 1772ஆம் ஆண்டின் அரசகுல விவாகச் சட்டப்படி, அரசரின் சம்மதமின்றி இளவரசர் செய்துகொள்ளும் மணம் மணமேயாகாது. நாலாம் ஜார்ஜ் மன்னர் இளவரசராயிருந்தபோது, 1785ஆம் ஆண்டு, பிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் கத்தோலிக்க அம்மையாரை மணந்தார், அம்மணம் செல்லாததாயிற்று, அவரும் 1820ஆம் ஆண்டு தடையின்றி அரியணை ஏறினார். ஒரு சொல்லால் இல்லையென்று ஆக்கத்தக்க மணத்தை மறைக்க ஐந்து கொலைகள் வேண்டா. நைட்டுக்கு இக்கதையைச் சொன்ன ஜோஸப் ஸிக்கர்ட் என்பவரே 1978ஆம் ஆண்டு, கொலைபற்றிய பகுதி தாம் கட்டியதென்று பத்திரிகையில் கூறிவிட்டார். ஆனால் அதற்குள் கதை கால்முளைத்து வெகுதூரம் நடந்துவிட்டது.

இனி, இக்கதைக்கு உயிர்நிலையாகிய சுவரெழுத்தைப்பற்றிச் சற்று விரிவாய்ப் பேசவேண்டும். செப்டம்பர் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் ஏறக்குறைய 3 மணிக்கு, கௌல்ஸ்டன் தெருவில் ஒரு வாயிற்படியருகே எட்டோஸின் ஏப்ரன் துணியின் துண்டு இரத்தக்கறையுடன் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் சீமைச்சுண்ணத்தால் எழுதிய ஒரு வாக்கியம் காணப்பட்டது. பொருள் தெளிவில்லாத அவ்வாக்கியம் பழியையும் யூதரையும் ஒருங்கே பேசியது. யூதர் என்னும் ஆங்கிலச்சொல் பிழைபட எழுதப்பட்டிருந்தது. நகரப் பொலீஸார் அதனைப் புகைப்படம் எடுக்க விரும்பினர். வாரன் தாமே அவ்விடம் வந்து, விடிந்து வருகையில், அதனை அழிக்கச் செய்தார்.

நைட் இதனை எங்ஙனம் விளக்கினார்? அது யூதரைக் குறிக்கும் சொல்லன்று. மேசன் கதையில் வரும் ஜுபெலா, ஜுபெலோ, ஜுபெலம் என்னும் மூவரைக் குறிக்கும் மறைமொழி என்றார். சாலொமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைத் தச்சனாகிய ஹிராம் அபிப் என்பவனை அம்மூவரும் கொன்றனர் என்பது மேசன்களின் கதை. வேதம் பயின்ற நம் மாணவர் ஈண்டு ஒன்று கவனிக்கலாம். முதலாம் இராஜாக்கள் புத்தகம் ஏழாம் அதிகாரத்தில் தீரு நகரத்து ஈராம் வருகின்றான். அவன் வெண்கல வேலையில் வல்லவன். தூண்களையும் கடல்தொட்டியையும் வார்த்து, வேலையை முடிக்கின்றான். அவன் கொலையுண்டான் என்று ஒருவரிதானும் இல்லை. அன்றியும், மேசன்கள் அம்மூவரையும் துஷ்டர் என்ற பொதுச்சொல்லால் வழங்கினரேயன்றி, சுவரில் கண்ட சொல்லால் அன்று. ஆகவே கட்டுக்கதையின்மேல் இல்லாத சொல் ஒன்று ஏற்றப்பட்டிருக்கின்றது.

வாரன் மேசன் என்பது மெய்யே. சங்க சரித்திரத்தை ஆராயும் ஒரு லாட்ஜுக்கு அவரே முதற்றலைவர். அதுவுமன்றி, இளம் வயதில், 1867ஆம் ஆண்டு முதல், எருசலேமில் ஆலயமிருந்த மலையைச் சுற்றிலும் பூமியைத் தோண்டிப் பழம்பொருள் ஆராய்ந்தவரும் அவரே. சாலொமோன் ஆலயத்தைத் தேடியவரே சாலொமோன் ஆலயக் கதையின் எழுத்தை அழித்தார் என்றால், எந்த நாவலாசிரியர்தாம் அதைக் கைவிடுவார்!

ஆனால் அன்றைய காலைநேரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். சாப்மன் இறந்தபின் ‘தோல் ஏப்ரன்’ என்னும் பட்டப்பெயர் கொண்ட ஒருவன்மேல் ஊரார் ஐயங்கொண்டனர். அப்பெயரால் பிடிக்கப்பட்ட பைஸர் என்னும் யூதச் செருப்புத் தொழிலாளி குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கப்பட்டான். ஆயினும் கூட்டங்கள் தெருக்களில் திரண்டு, ஆங்கிலேயன் இத்தகைய கொலை செய்யான் என்று கூவி, யூதரை அச்சுறுத்தின. கௌல்ஸ்டன் தெருவோ யூதர் நெருங்கி வாழ்ந்த இடம். அவ்வெழுத்து இருந்த வீட்டிலேயே யூதர் பலர் குடியிருந்தனர். ஞாயிறு காலையில் அருகிலிருந்த பெட்டிகோட் சந்துச் சந்தைக்கு யூதரும் கிறிஸ்தவரும் ஆயிரக்கணக்கில் வருவர். எழுத்து வெளிச்சத்தில் நின்றால் கலகம் மூளும், வீடுகள் சூறையாடப்படும் என்று அப்பகுதியின் மேற்பார்வை அதிகாரி ஆர்னல்டு அஞ்சினார், வாரனும் அஞ்சினார். இக்காரணத்தை அவர் நவம்பர் மாதத்தில் உள்நாட்டு அமைச்சின் அலுவலகத்திற்கு எழுத்து மூலமாகவே தெரிவித்தார். புகைப்படம் எடாமல் அழித்தது துப்புத்துலக்குவதற்கு இழப்பே. இதில் வாதத்திற்கு இடமுண்டு. ஆனால் அச்செயலின் நோக்கம் எளிய குடிகளைக் காப்பது. இரகசியச் சங்கக் கதையில் அதுவே கொலைஞனைக் காப்பதாய் மாறுகின்றது. ஓர் உண்மையான அச்சம் மறைந்து, அதனிடத்தில் ஒரு பொய்யான மர்மம் வந்து அமர்கின்றது. எமது கருத்தில், இக்கதை சரித்திரத்திற்குச் செய்த கேடுகளுள் இதுவே பெரிது.

இத்தகைய கதைகளை மக்கள் விரும்புவானேன்? காரணமில்லாத கொடுமை மனத்திற்குத் தாங்கொணாதது. பெயரறியாத ஒருவன் பெயரறியாத ஏழைகளைக் கொன்று, பெயரறியாமலே மறைந்தான் என்பதைவிட, பெரியோர் கூடி ஆலோசித்துச் செய்தனர் என்பது ஒருவகையில் ஆறுதல் தருகின்றது. மேலும், பிறர் அறியாததை நாம் அறிந்தோம் என்னும் களிப்பையும் தருகின்றது. இக்களிப்பு எப்போதும் தீங்கற்றதன்று. யூத மூப்பர் இரகசியமாய்க் கூடி உலகை ஆள ஆலோசித்தனர் என்று 1903ஆம் ஆண்டு ருஷியாவில் அச்சான ஏடு, வேறு நூல்களினின்று திருடிக் கட்டியது என்பதை 1921ஆம் ஆண்டு இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை வெளிப்படுத்தியது. வெளிப்படுத்தியும் என்ன? ஹிட்லரின் ஜெர்மனியில் அது பள்ளிப்பிள்ளைகள் கையிலும் புகுந்தது.

ஆயினும், கதையைக் கதையென்றே சொல்லுவோரை நாம் பழிக்கலாகாது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘மர்டர் பை டிக்ரீ’ என்னும் படத்தில் ஷெர்லக் ஹோம்ஸே இம்மர்மத்தைத் துப்பறிகின்றார். ஆலன் மூர் எழுத, எட்டி காம்ப்பெல் சித்திரம் தீட்டிய ‘பிரம் ஹெல்’ என்னும் சித்திரக்கதை 1989ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாய் வந்து, 1999ஆம் ஆண்டு ஒரே நூலாயிற்று. மூர் நைட்டின் கதையை எடுத்துக்கொண்டாரே ஒழிய, அதை மெய்யென்று நம்பவில்லை. எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது, எதைத் தாம் புனைந்தார் என்று நீண்ட பிற்குறிப்புகளும் சேர்த்தார். இந்நேர்மை சரித்திர நாவலாசிரியர் யாவருக்கும் தகும். 2001ஆம் ஆண்டு எடுத்த திரைப்படத்திற்கோ அத்தகைய பிற்குறிப்பு ஏது? 2015ஆம் ஆண்டு ‘அஸாஸின்ஸ் கிரீட்’ என்னும் கணினி விளையாட்டின் ஒரு பகுதியும் இதே நிகழ்ச்சியை எடுத்தது. அதில் கொலைஞன் ஒரு மறைவான கூட்டத்தாரிடம் பயிற்சிபெற்று வழிதவறியவன்; அக்கூட்டத்தைச் சேர்ந்த ஈவி பிரை என்னும் பெண்மணி இந்தியாவிலிருந்து திரும்பி வந்து அவனைத் தேடுகின்றாள். பெண்ணொருத்தியைத் துப்பறிபவளாக நிறுத்தியதைப் பாராட்டலாம். எனினும், பயிற்சியும் சங்கமும் உள்ள கொலைஞன் வீரகாவியத்துப் பகைவனாக உயர்ந்துவிடுகின்றான். மெய்யான கொலைஞனிடம் அத்தகைய பெருமை எதுவும் இருந்ததாய்த் தோன்றவில்லை.

இக்கதைகள் எல்லாவற்றிலும் மங்கிப்போவோர் மாண்ட பெண்களே. ஹாலி ரூபன்ஹோல்டு என்னும் சரித்திர ஆசிரியை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கொலைஞனை அறவே விலக்கி, அவ்வைவரின் வாழ்க்கையையே எழுதினார். நிக்கல்ஸ் அச்சுத் தொழிலாளி ஒருவரின் மனைவியாயிருந்து பிரிந்தவள். இறந்த ஆண்டின் வசந்தகாலத்தில் ஒரு பக்தியுள்ள குடும்பத்தில் வேலைக்கமர்ந்து, தான் நலமாயிருப்பதாய்த் தந்தைக்குக் கடிதம் எழுதியவள். ஆகஸ்டு இறுதியில் படுக்கைக் காசில்லாமல் விடுதியினின்று வெளியேற்றப்பட்டாள். சாப்மனும் அவ்வாறே காசில்லாமல் வெளியே வந்தவள். நுரையீரல் நோய் அவளை முன்னமே அரித்திருந்ததை வைத்தியர் கண்டார். ஸ்டிரைட் சுவீடன் நாட்டுக் குடியானவர் மகள். அநாதைப் பிள்ளைகளின் காப்பாளராகிய டாக்டர் பர்னார்டோ கொலைக்குச் சில நாட்களுக்குமுன் ஒரு விடுதியின் சமையலறையில் பெண்கள் சிலரோடு பேசினார். அடுத்து மாளப்போவது யாரோ என்று அவர்கள் அவரிடம் நடுங்கினர். பின்னர்ச் சவச்சாலையில் ஸ்டிரைடின் முகத்தைக் கண்டு, அவர்களுள் ஒருத்தி இவள் என அடையாளம் கூறினார்.

எட்டோஸைப்பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அவள் அன்றிரவு குடிமயக்கத்தில் பொலீஸ் நிலையத்தில் வைக்கப்பட்டு, 1 மணியளவில் விடுவிக்கப்பட்டாள். பெயர் கேட்டபோது ‘மேரி ஆன் கெல்லி’ என்றாள். முக்கால் மணி நேரத்தில் மைட்டர் சதுக்கத்தில் பிணமாய்க் கிடந்தாள். அப்பெயரால் ஏமாந்தே கொலைஞர் மேரி கெல்லி என்று எண்ணி அவளைக் கொன்றனர் என்பது நைட்டின் கூற்று. அவள் ஏழாண்டுகளாய்க் கூடி வாழ்ந்தவனுடைய பெயர் ஜான் கெல்லி. இருவரும் அம்மாதம் கெண்ட் நாட்டுப்புறத்தில் கூலிக்கு ஹாப்பூப் பறித்து, கையில் காசின்றி நடந்தே திரும்பியிருந்தனர். அவனுடைய பூட்ஸை அடகுவைத்துத்தான் கடைசியாக உணவு வாங்கினர். அவளிடம் ஒரு கடுகுத்தூள் டப்பி இருந்தது. அதனுள் இருந்த இரண்டு அடகுச் சீட்டுகளுள் ஒன்று அந்தப் பூட்ஸுக்குரியது. இரண்டு ஷில்லிங் ஆறு பென்னி. எழுதிய பெயர் ஜேன் கெல்லி.