பழைய போனுக்குப் புது வேலை

இழுப்பறையில் தூங்கும் பழைய ஸ்மார்ட்போனை வங்கிச் செயலிகளுக்கென்றே ஒதுக்கலாம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவிவிட்டால், அதே போனுக்கு வரும் ஓடிபியும் திருடர் கைக்குப் போகக்கூடும். வாட்ஸ்அப்பே இல்லாத போனில் அந்த வாசல் அடைபடும்.

முதலில் ஃபேக்டரி ரீசெட். பிறகு செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதி: அது நின்று வருஷக்கணக்காகியிருந்தால் அந்த போன் பாட்டு கேட்கத்தான் லாயக்கு. பின்மூடி உப்பியிருந்தால் அதற்கும் ஆகாது, பேட்டரி வீங்கியிருக்கிறது.

வங்கியில் பதிந்த சிம் இந்த போனில்தான் இருக்க வேண்டும். யுபிஐ பதிவின்போது அந்த எண்ணிலிருந்தே எஸ்எம்எஸ் போகும். ரீசார்ஜ் மறந்தால் ஓடிபியும் வராது.

டீக்கடை க்யூஆருக்கு? வேறு எண்ணில் பதிந்த சின்னக் கணக்கு, கையிலிருக்கும் போனில்.

மீறிப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.