இளைஞர் கையில் எந்தப் பானம்?

பால் வெட்டி முடித்து, உச்சி வெயிலில் திரும்பிவரும் ஓர் இளைஞனை நினைத்துப் பார்ப்போம். அவனுக்குத் தாகமோ மிகுதி. தோட்டத்துக் கடையின் குளிர்ப்பெட்டியில் பல வண்ண இனிப்புப் பானங்கள் வரிசையாக நிற்கின்றன. சீனி மிகுந்தால் கெடுதல் என்பதை அவன் அறியாதவன் அல்லன், பள்ளியிலேயே கற்றிருக்கிறான். எனினும் அவன் கை இனிப்புப் பானத்தையே எடுக்கிறது. இதற்குக் காரணம் யாது?

உணவைத் தேர்ந்தெடுப்பது அறிவு மட்டுமன்று. முதலாவது, வீட்டுப் பழக்கம். சிறு வயதில் பசியாறும் வேளையில் நாம் எவ்வளவு சீனியிட்ட தேநீரைக் கொடுத்தோமோ, அந்தச் சுவையையே நாக்கு பிற்காலத்திலும் நாடுகிறது. இரண்டாவது, நட்பு. பந்தாட்டம் முடிந்து நால்வர் இனிப்புப் பானம் அருந்தும்போது ஐந்தாமவன் மட்டும் வெறுந்தண்ணீர் கேட்கக் கூசுகிறான். மூன்றாவது, விலையும் வசதியும். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் களைத்து வருபவர், மலிவாகவும் உடனேயும் கிடைப்பதையே வாங்குவார். நான்காவது, நாள்தோறும் கண்ணில் படும் விளம்பரம்.

இதனைச் சிறிய செய்தியென நாம் தள்ளிவிட இயலாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்தியரிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிட மிகுதி. நோய் கண்ட இளைஞருள் பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர். கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றை இந்நோய் ஓசையின்றிக் கெடுக்கும். உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு உடலன்றோ மூலதனம்!

இனி ஒரு சிறு கணக்கைப் பயில்வோம். பானத்தின் மேலுள்ள சீட்டில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்றிருந்தால், 325 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. அஃது ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நன்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. ஒரே டின் அவ்வளவையும் தாண்டிவிடுகிறது.

சூழ்நிலை மாறினால் தேர்வும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரியை அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் விதித்தது; 2024இல் அது 50 சென்னாக உயர்ந்தது. வரி வந்தபின் உற்பத்தியாளர் பலர் தம் பானங்களில் சீனியைக் குறைத்தனர். எவரும் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. கைக்கு எட்டும் பொருளே மாறியது.

அரசாங்கம் கடையில் செய்ததை நாம் வீட்டில் செய்யலாம். ஆறவைத்த நீரையோ சீனியிடாத பார்லி நீரையோ கண்ணில் படும் இடத்தில் வைப்போம். தேநீரில் சீனியை வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்துவந்தால் நாக்கும் பழகிக்கொள்ளும். தட்டில் அரைப் பங்கு காய்கறியும் பழமும், கால் பங்கு சோறும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பும் இருக்கட்டும். வீட்டுப் பின்புறத்து முருங்கைக்கும் பப்பாளிக்கும் பணம் தேவையில்லை. திருமணத்திலும் திருவிழாவிலும் தண்ணீரை முன்வரிசையில் வைப்போம்.

இளைஞரை அதட்டுவதால் பயன் விளையாது. மறைவாக வாங்கி அருந்துவர். மாறாக, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது சீட்டிலுள்ள சீனிக் கணக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைப்போம். வீட்டுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கக் கற்பவர், தமக்கு நல்லதையும் தேர்ந்தெடுப்பார். ஆனால், அன்று மாலை நம் குவளையிலும் சீனி குறைந்திருக்கவேண்டும்.